திருப்பூர்க்காரர் எந்தக் கேட்டமரான் வாங்கலாம்?

கேள்வி: "திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறேன். வயது 41, எடை 68 கிலோ. மனைவி 54 கிலோ. மகளுக்கு 14 வயது, மகனுக்கு 9. நானும் மனைவியும் புதுச்சேரியில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டோம். விடுமுறையில் குடும்பத்தோடு ஓட்டவும், பிறகு போட்டிகளில் இறங்கவும் கடற்கரை மணலிலிருந்தே தள்ளிவிடக்கூடிய சிறிய கேட்டமரான் ஒன்று வாங்க ஆசை. சிலர் ஹோபி 16 வாங்கு என்கிறார்கள், சிலர் ஹோபி வேவ் போதும் என்கிறார்கள். துபாயில் இருக்கும் நண்பர் தன்னுடைய ஃபார்முலா 18 படகைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். அமராவதி அணையிலோ பவானிசாகரிலோ ஓட்டிப் பழகலாமா? எதை வாங்கலாம், அண்ணா?"

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நண்பரின் ஃபார்முலா 18 வேண்டாம். இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். சொந்தமாக வாங்குவது ஹோபி வேவாக இருக்கட்டும். போட்டிக்கு ஹோபி 16 ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அதை இப்போது வாங்காதீர்கள். அணைகளை மறந்துவிடுங்கள்.

கொங்குப் பக்கத்திலிருந்து படகு கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தைத்தான் விசாரிக்கிறார்கள். நீங்கள் இருவரின் எடையையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு விவரம் உங்கள் கேள்வியைப் பாதி தீர்த்துவிட்டது. ஏனென்றால் சிறிய கேட்டமரான் கவிழும். நன்றாக ஓட்டுபவர்களின் படகும் கவிழும். கவிழ்ந்ததை இருவரும் வெளி உதவி இல்லாமல் நிமிர்த்த முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. முடியாவிட்டால் அந்தப் படகு உங்களுக்கு ஆகாது, எத்தனை அழகாக இருந்தாலும்.

நிமிர்த்துவது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கேட்டமரானுக்கு இரண்டு ஹல்கள், அதாவது தண்ணீரில் மிதக்கும் இரண்டு நீண்ட உடல்கள். நடுவே அலுமினியக் குழாய்ச் சட்டம், அதில் இழுத்துக் கட்டிய டிராம்போலின் வலை. படகு பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் ஒரு ஹல் தண்ணீரிலும் மற்றொன்று தலைக்கு மேலேயும் நிற்கும்; பாய்மரம் தண்ணீரில் படுத்துக் கிடக்கும். முதல் வேலை, பாய்க்கயிறுகளைப் பிடிப்பானிலிருந்து விடுவிப்பது. இதை மறந்தால் படகு நிமிர்ந்த கணமே பாயில் காற்றுப் பிடித்து மறுபக்கம் விழும், அல்லது உங்களை விட்டுவிட்டு ஓடும். அடுத்து, படகின் முனை காற்றை நோக்கித் திரும்பும்படி ஒருவர் முன்பக்கம் போக வேண்டும். பிறகு நிமிர்த்தும் கயிற்றை மேல் ஹல்லுக்கு மேலாக எறிந்து, கீழ் ஹல்லின் மீது ஏறி நின்று, இருவரும் கயிற்றைப் பிடித்தபடி முதுகு தண்ணீரைத் தொடும் அளவுக்குப் பின்னால் சாய வேண்டும். கைபலம் இங்கே அதிகம் உதவாது; உடல் எடைதான் வேலை செய்கிறது. பாயின் ஓரம் தண்ணீரை விட்டு ஒரு சாண் எழும்பியதும் காற்று அடியில் புகுந்து மீதியைப் பார்த்துக்கொள்ளும். மேல் ஹல் தலைக்கு மேலாக இறங்கி வரும்போது ஒருவர் குறுக்குச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஹோபி 16 படகின் எடை சுமார் 145 கிலோ. பாய்மரம் எட்டு மீட்டர் உயரம். பாய்ப் பரப்பு ஏறத்தாழ 20 சதுர மீட்டர். அதன் போட்டி விதி, ஓட்டும் இருவரும் சேர்ந்து 129 கிலோவுக்குக் குறையக் கூடாது என்கிறது. குறைந்தால் அந்த அளவுக்கு எடை ஏற்றிக்கொள்ள வேண்டும். நீங்களும் மனைவியும் சேர்ந்து 122 கிலோ. நல்ல காற்றில், புத்துணர்ச்சியோடு இருக்கும்போது நிமிர்த்திவிடலாம். மூன்றாவது முறை கவிழ்ந்து கை தளர்ந்திருக்கும்போது, காற்றும் விழுந்துவிட்டால், நிச்சயமில்லை. நீங்களும் மகளும் மட்டும் போனால் இன்னும் கடினம். தோளில் மாட்டித் தண்ணீர் நிரப்பி எடை கூட்டிக்கொள்ளும் பைகள் கிடைக்கின்றன, பயனுள்ளவை. ஆனால் அதை நம்பித்தான் குடும்பப் படகு வாங்க வேண்டும் என்ற நிலை வேண்டாம்.

இப்படிச் சொல்வதால் ஹோபி 16 மோசமான படகு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அதன்மேல் தனிப் பிரியம் உண்டு. கலிபோர்னியாவின் ஹோபி ஆல்ட்டர் 1960களின் இறுதியில் உருவாக்கிய வரிசையைச் சேர்ந்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்டிருக்கிறது. அதன் ஹல்லை அருகில் நின்று பாருங்கள்: வெளிப்பக்கம் தட்டை, உட்பக்கம் வளைவு. காற்றில் படகு சாயும்போது தண்ணீரில் அழுந்தும் ஹல்லின் அந்த வளைவே படகைப் பக்கவாட்டில் நழுவ விடாமல் காற்றை நோக்கி இழுக்கிறது. அதனால் அடியில் இறக்கும் டேகர்போர்டு பலகை தேவைப்படவில்லை. அலையோடு வந்து நேராக மணலில் ஏறிவிடலாம். சுக்கான்கள் தாமாக மேலே மடங்கிக்கொள்ளும். நம் கடற்கரைகளுக்கு இது பெரிய வசதி.

அதே வடிவம் இரண்டு தொல்லைகளையும் கொடுக்கிறது. முதலாவது, காற்றுக்கு எதிர்முகமாகத் திருப்புவது. எடை குறைந்த படகு, திரும்பும்போது வேகம் இழந்து நடுவிலேயே நின்றுவிடும். முன்பாயை உடனே மாற்றாமல், காற்று அதன் மறுபக்கத்தில் அடித்து முனையைத் தள்ளும்வரை பிடித்திருந்து பிறகு விட வேண்டும். பழகினால் வந்துவிடும். இரண்டாவது கொஞ்சம் பயங்கரமானது. காற்று பின்பக்கமிருந்து அடிக்கும்போது மெல்லிய முனை தண்ணீருக்குள் புகுந்துவிடும், பின்பக்கம் எழும்பும், படகு தலைகுப்புற விழும். படகைச் சமன்படுத்த வெளிப்பக்கம் சாய உதவும் டிரபீஸ் கம்பியில் தொங்குபவர் முன்னால் வீசப்படுவார். இருவரும் வலையின் பின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம். ஒன்பது வயதுப் பையனை வைத்துக்கொண்டு இதைப் பழக வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

வேவ் படகுக்கு வருகிறேன். 13 அடி நீளம், ஏறத்தாழ 110 கிலோ. கண்ணாடியிழைக்குப் பதிலாக வார்த்த பாலிஎத்திலீன் ஹல். கல்லில் உரசினால் கீறல் விழும், ஓட்டை விழாது. ஒரே பாய், ஒன்பது சதுர மீட்டருக்கும் சற்றுக் குறைவு. பாயின் அடியில் தலையில் அடிக்கும் பூம் கட்டை கிடையாது. குழந்தைகள் இருக்கும் படகில் இதற்கு நான் நிறைய மதிப்பெண் தருவேன். முனைகள் பருத்திருப்பதால் தண்ணீருக்குள் எளிதில் புகாது. பாய்மர உச்சியில் ஒரு மிதவை பொருத்திவிட்டால் கவிழ்ந்தாலும் முழுக்கத் தலைகீழாகாது. நீங்கள் ஒருவரே நிமிர்த்திவிடலாம். நீங்கள் நால்வரும் ஏறலாம். வேகம் குறைவுதான், மறுக்கவில்லை. ஹோபி 16 ஓட்டிப் பழகியவர்களுக்கு மிதமான காற்றில் சலிப்புத் தட்டும். ஆனால் உங்கள் வீட்டில் நால்வரில் குழந்தைகள் இருவரும் இன்னும் புதியவர்கள் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் அடுத்த விடுமுறைக்கும் வர விரும்ப வேண்டும்.

முன்பாயும் கூட இரண்டு நண்பர்களுக்கு இடமும் வேண்டும் என்றால் அதே பிளாஸ்டிக் வகையில் ஹோபி கெட்டவே இருக்கிறது. நீளம் ஹோபி 16 அளவு, எடை 177 கிலோ. தாராளமான படகு. மணலில் இழுக்கும்போது அந்த எடை தெரியும். நல்ல பலூன் சக்கரங்கள் இல்லாமல் இருவரால் நகர்த்த முடியாது. இங்கிலாந்தில் பரவலாக ஓடும் டார்ட் 18 எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு. இங்கே உதிரி பாகங்களுக்கு எங்கே போவீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக அதை விட்டுவிடச் சொல்கிறேன்.

இப்போது நண்பரின் ஃபார்முலா 18. இது ஒரே கம்பெனியின் படகு அல்ல, ஒரு விதித்தொகுப்பு. நீளம் 5.52 மீட்டர், அகலம் 2.6 மீட்டர், குறைந்தபட்ச எடை 180 கிலோ. இந்த எல்லைக்குள் பல கம்பெனிகள் கட்டுகின்றன. பெரிய பாய், இரண்டு பேருக்கும் டிரபீஸ், முன்னால் பலூன் போல விரியும் ஸ்பின்னேக்கர் பாய், ஆழமான டேகர்போர்டுகள். நன்றாகப் பழகிய, கனமான இருவர் ஓட்டும்போது பார்க்கவே கண்கொள்ளாக் காட்சி. உங்கள் இருவருக்கும் அது பெரிய படகு. நிமிர்த்துவது இன்னும் சிரமம். அதைவிட முக்கியமானது, பக்கத்தில் இன்னொரு ஃபார்முலா 18 இல்லாமல் யாரோடு போட்டியிடுவீர்கள்? வெவ்வேறு வகைப் படகுகள் சேர்ந்து ஓடும் போட்டிகளில் ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் வைத்து, எடுத்த நேரத்தைத் திருத்திக் கணக்கிடுவார்கள். நியாயமான முறைதான். ஆனால் கரைக்கு முதலில் வந்துவிட்டு, கணக்குப் போட்டதும் ஐந்தாவது இடம் என்று கேட்பதில் சுவை இல்லை. ஒரே வகைப் படகுகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும்போதுதான் கற்றுக்கொள்கிறோம்: அவர் பாயை எங்கே இறுக்குகிறார், எப்போது திரும்புகிறார் என்று கண்ணால் பார்த்து.

அதனால்தான் போட்டிக்கு ஹோபி 16 என்கிறேன். 2010 குவாங்சோ, 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் அது இடம்பெற்றது. உலகப் போட்டிகளில் படகுகளை நடத்துபவர்களே தருவது இந்த வகுப்பின் வழக்கம். எல்லோருக்கும் ஒரே மாதிரிப் படகு, சுழற்சி முறையில். கடல் இல்லாத ஊரில் இருக்கும் நமக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று யோசியுங்கள். படகைச் சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை. திறமையை மட்டும் கொண்டுபோனால் போதும். வாடகைப் படகில், பயிற்சிப் பள்ளிப் படகில், ஏற்கனவே வைத்திருப்பவரின் முன்பாய் ஆளாக ஏறிப் பழகுங்கள். முன்பாய் ஆள் வராத ஞாயிற்றுக்கிழமைகள் எல்லா ஓட்டுநர்களுக்கும் உண்டு. உங்கள் மனைவியின் எடைக்கு அந்த இடம் மிகவும் பொருத்தம்.

மகளைப் பற்றி நீங்கள் அதிகம் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் வீட்டில் உண்மையான போட்டியாளர் அவராக இருக்கலாம். இளைஞர் உலகச் சாம்பியன்ஷிப்பில் 2016 முதல் கேட்டமரான் பிரிவுக்கு நாக்ரா 15 படகைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதே ஆண்டு ரியோவில் ஒலிம்பிக்குக்கு வந்த நாக்ரா 17 அதன் பெரிய அக்கா. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஓட்ட வேண்டியது. இந்தப் பெயர்களைக் கேட்டுவிட்டு நாக்ரா 15 தேடி அலைய வேண்டாம். 14 வயதில் தேவை, நல்ல பயிற்சியாளரும் சம வயதுக் கூட்டமும். அது ஒற்றை ஹல் படகுகளில்தான் இங்கே கிடைக்கும். 1911 முதல் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் சென்னைத் துறைமுகத்துக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளி இரவு சேரன் எக்ஸ்பிரஸில் ஏறினால் சனிக்கிழமை காலை சென்னை. ஆறு மாதம் இப்படிப் போய்வரத் தயாராக இருக்கிறாரா என்று மகளையே கேளுங்கள்.

அணைகளுக்கு வருவோம். அமராவதி அணையில் முதலைகள் இருக்கின்றன. பக்கத்திலேயே முதலைப் பண்ணை இருப்பது உங்களுக்குத் தெரியும். கவிழ்ந்து தண்ணீரில் அரை மணி நேரம் கிடக்க வேண்டிய விளையாட்டுக்கு அது இடமல்ல. பவானிசாகரை ஒட்டியிருப்பது சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். மாயாறு வழியாக அங்கேயும் முதலை உண்டு. நீர்மட்டம் இறங்கும்போது டணாயக்கன் கோட்டைக் கோயில் வெளியே தெரிவதைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அந்தக் கற்கள் தண்ணீருக்குள் இருக்கும்போதும் அங்கேதான் இருக்கின்றன, சுக்கானை உடைக்கக் காத்துக்கொண்டு. நீர்வளத் துறை, வனத் துறை அனுமதி இல்லாமல் படகு இறக்கவும் முடியாது. ஆழியாறு, திருமூர்த்தி இரண்டிலும் மலையிலிருந்து இறங்கும் காற்று திசை மாறி மாறி விசிறும். கேட்டமரானுக்கு வேண்டியது நீண்ட, தடையில்லாத ஓட்டம்; அடிக்கடி திரும்ப வேண்டிய சின்ன நீர்ப்பரப்பில் அதன் நல்ல குணம் எதுவும் வெளிப்படாது.

நம்மிடம் காற்றுக்குக் குறைவில்லை என்பதுதான் வருத்தம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி முதல் ஆவணி வரை வரும் காற்றில்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் காற்றாலைகள் எல்லாம் சுற்றுகின்றன. அந்தக் காற்றை வாசிக்கத் தெரிந்துகொள்வது வீண்போகாது. தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கம் மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் மேற்குக் காற்று அதே பருவத்தில் அடிக்கிறது. கிழக்குக் கரையில் அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் தண்ணீர் தட்டையாக, சாதுவாகத் தெரியும். ஒரு கிலோமீட்டர் உள்ளே போனதும் நிலைமை வேறு. ஏதாவது உடைந்தால் காற்று உங்களை இலங்கைப் பக்கம் கொண்டுபோகும். கச்சான் அடிக்கும் காலையில் தனியாக இறங்கவே கூடாது. பிற்பகலில் கடற்காற்று திரும்பிய பிறகு ஓட்டுங்கள், அல்லது தை, மாசியில் போங்கள். பக்கத்து வழி கொச்சிதான். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் போய்விடலாம். ஆனி, ஆடியில் அரபிக்கடல் நமக்கு உகந்ததல்ல. வேம்பநாட்டுக் காயலின் அகலமான பகுதி குடும்பத்தோடு பழக அருமையான இடம். வலைகளையும் பயணிகள் படகுகளையும் பார்த்து ஓட்ட வேண்டும், அவ்வளவுதான்.

படகு திருப்பூரில் இருக்க வேண்டாம். கொச்சியிலோ, நீங்கள் அதிகம் போகும் கடற்கரையிலோ ஒரு பள்ளியிலோ விடுதியிலோ மாத வாடகைக்கு இடம் பிடியுங்கள். மீனவர் குப்பத்தை ஒட்டிய மணல் என்றால் ஊர்ப் பெரியவர்களைப் போய்ப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் படகை ஏற்ற வேண்டும். அது அவர்கள் வலை உலர்த்தும் இடம். ஒவ்வொரு முறையும் ஊரிலிருந்து கட்டி இழுத்துக்கொண்டு போனால் மூன்றாவது பயணத்தில் ஆசை அடங்கிவிடும். ஹோபி 16 அகலமே 2.4 மீட்டர், நம் சாலையில் அதை டிரெய்லரில் இழுப்பது எல்லோருக்கும் தொல்லை. ஒருமுறை கொண்டுபோக, வலையைக் கழற்றி, ஹல்களையும் சட்டத்தையும் பிரித்து, 17 அடி லாரியில் பழைய மெத்தை விரித்து அடுக்கிக் கட்டினால் போதும்.

பராமரிப்பில் கொங்குநாட்டுக்காரருக்குக் கொடுப்பினை அதிகம். மணலில் இழுக்கும் வண்டியைக் கோவை கணபதியில் எந்த லேத் பட்டறையிலும் செய்து வாங்கலாம். துருப்பிடிக்காத இரும்பு என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 316 தரம் என்று கேட்டு, மெட்டீரியல் சர்டிபிகேட் வாங்குங்கள். 202 தரம் பளபளவென்று இருக்கும், உப்புத் தண்ணீரில் ஒரு பருவம் கூடத் தாங்காது. டிராம்போலின் வலை கிழிந்தால், சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரித் தார்ப்பாய் தைப்பவர்களிடம் கனத்த தையல் இயந்திரம் இருக்கிறது; பி.வி.சி. பூசிய பாலியஸ்டர் வலைத்துணி கொடுத்தால் தைத்துத் தருவார்கள். நூல் வெயில் தாங்கும் பாலியஸ்டராக இருக்க வேண்டும். நூலைப் பற்றித் திருப்பூர்க்காரருக்கு மேலும் சொல்ல வேண்டியதில்லை.

பிற்பாடு பழைய ஹோபி 16 ஒன்று நல்ல விலைக்கு வந்து மனம் கேட்காமல் போனால், பணம் கொடுக்கும் முன் ஹல்லின் மேற்பரப்பு முழுவதையும் விரல் முட்டியால் தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போலத் தட்டிக்கொண்டே போங்கள், குறிப்பாகப் பாய்மரத்துக்கு முன்னால் உள்ள பகுதியை. இறுக்கமான ஓசை வர வேண்டும். மந்தமான, பொத்தென்ற ஓசை வந்தால் உள்ளே இருக்கும் நுரைப்பலகையிலிருந்து கண்ணாடியிழை பிரிந்துவிட்டது; கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கும். வாங்காதீர்கள். ஹல்லின் அடி விளிம்பு மணலில் தேய்ந்து மெலிந்திருக்கும், அது சரிசெய்யக்கூடியது. கம்பிகளில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள்.

பாய்மரத்தின் மேல்பகுதி எதனால் ஆனது என்றும் பாருங்கள். அமெரிக்காவில் அலுமினியப் பாய்மரம் மின்கம்பியில் பட்டு உயிர்கள் போன பிறகு, உச்சிப் பகுதியை மின்சாரம் கடத்தாத கண்ணாடியிழையில் செய்யத் தொடங்கினார்கள். பழைய பாய்மரம் முழுதும் அலுமினியமாக இருந்தால் விலை பேசுவதற்கு முன்பே அதைச் சொல்லுங்கள். எந்தப் பாய்மரமாக இருந்தாலும், கரையில் நிமிர்த்துவதற்கு முன் நின்ற இடத்திலிருந்து தண்ணீர் வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒருமுறை நடந்து வாருங்கள். நம் கடற்கரைச் சாலைகளில் மின்கம்பிகள் தாழ்வாகத் தொங்குகின்றன. மகளுக்கும் மகனுக்கும் படகில் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டிய வேலை இதுதான்.